எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம்

அன்புள்ள மகனே,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். நீ இல்லையென்று சொல்ல முடியாது. ஐந்து வயதில் என் கடைக்குள் நுழைந்து, கழற்றிப் போட்டிருந்த ஆம்பிளிஃபயரின் திருகியைத் திருகித் திருகிக் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தாயே, அன்றைக்கே உன் அம்மாவிடம், "மதினி, இவனைச் சத்தம் ஊரைவிட்டு இழுத்துட்டுப் போயிரும், பாத்துக்கிடுங்க" என்று சொன்னேன். நீ திருப்பூருக்குப் போவாய் என்றும் சொன்னேன். திருப்பூரில் நிலைக்கமாட்டாய் என்றும் சொன்னேன். விசா வரப்போகிறது என்று, அது வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே பஜாரில் நான்கு பேரை நிறுத்திவைத்துச் சொன்னேன். நான்கு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள், கேட்டுக்கொள். எனக்குப் பிசகியது ஒன்றே ஒன்றுதான். சத்தம் உன்னை இழுத்துக்கொண்டு போகும் என்று நினைத்தேன். சத்தத்தை இங்கேயே போட்டுவிட்டு நீ மட்டும் போவாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை மூடிய உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் எதையும் கடைசிக்கு வைத்துக்கொள்கிறவன் இல்லை, முதலிலேயே கொட்டிவிடுகிற ஆள் என்பது உனக்குத் தெரியும். இந்தத் தடவை மட்டும் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு நாள் இருந்தாய். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி வருவாய், ஒரு பகல் பொழுதுக்கு மட்டும். சாயங்காலம் திருவனந்தபுரம் பஸ். அங்கிருந்து விமானம், அப்புறம் பாலைவனத்தில் ஒரு குடோன். உன் அம்மா உன் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது நீ மாடிப்படியில் உட்கார்ந்து, மேலே கிடக்கிற இரண்டு கீபோர்டைப் பற்றிச் சொன்னாய். சின்னதையும் பெரியதையும் சேர்த்து யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று.

"ஏலே, அது பாட்டுக்கு மாடில கெடந்துட்டுப் போவட்டும். அது என்ன சோறா கேக்குது?" என்று உன் அம்மா கேட்டாள்.

"வேண்டாம்மா. லீவுல வாரப்ப அது அங்க இருந்தா நான் மாடிக்கே ஏற மாட்டேன்."

"இம்புட்டு ஆசையா வாசிச்சியே, ராசா."

"ஆசை இருந்துச்சு. விரல் இல்ல. விரல் செத்த பயலுக்கு அது என்னத்துக்கு? சித்தப்பாதான பக்கத்துல நின்னு பாத்தாவ, கேளு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வழக்கம்போல, "ஆமா மதினி, என்ன செய்ய" என்றேன். மூன்று வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சத்திரப்பட்டியிலிருந்து ஓர் ஆள் சனிக்கிழமை வந்து இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். ஆகவே எனக்கு இருப்பது வெள்ளிக்கிழமைப் பகல் ஒன்றுதான்.

நான் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களும் படிப்பதால் சொல்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆனால் ராஜபாளையத்தில் மைக் செட் என்றால் நான்தான். பிளவக்கல் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். சத்தம் வ. புதுப்பட்டி வரைக்கும் போய், அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து கும்பிட்டார்கள். நீ ஏழாம் வகுப்பில் தூரத்தைக் கணக்குப் போட்டு, "அம்புட்டுத் தூரம் கேக்காது சித்தப்பா" என்றாய். "காத்து அந்தப் பக்கமா அடிச்சுதுலே" என்று சமாளித்தேன். சரி, பாதி தூரம் போயிருக்கும். கும்பிட்டது ஒருத்தியாக இருக்கும். அவளும் வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்திருக்கலாம். ஆனால் ஒன்று சத்தியம்: கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று இருபத்தேழு வருஷத்தில் ஒருத்தர் சொன்னதில்லை. அப்படி ஒரு சொல் வந்தால் மொத்த செட்டையும் அய்யனார் கோவில் ஆற்றில் இறக்கிவிடுவேன் என்று கடையில் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சவால் விட்டிருந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

உன் அப்பா அப்படி இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று யாரும் நம்பமாட்டார்கள். நான் பேசினால் அடுத்த தெருவுக்குப் போனாலும் கேட்கும். அண்ணன் பேசினால் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். பட்டாளத்தில் எப்படித்தான் அவனை வைத்துக்கொண்டார்களோ. கடைசியாக லீவில் வந்தபோது உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ முனகிக்கொண்டே இருந்தான். நீயும் நிமிர்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை, பெட்டிதான் வந்தது. அதற்குப் பிறகு நான்தான் உனக்கு அப்பன். உன் அம்மா பேண்டேஜ் துணிக் கம்பெனிக்குப் போனாள், நான் கடைக்குப் போனேன், நீ நடுவில் வளர்ந்தாய். அவனுடைய மெல்லிசான குரல் உன் தொண்டைக்கு வராமல் விரலுக்கு வந்தது என்று பஜாரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அதில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

நீ காலேஜ் முடித்த வருஷம் அந்தச் சின்ன சிந்தசைசரை வாங்கி வந்தேன். சிங்கப்பூரிலிருந்து என் நண்பன் கொண்டுவந்தான் என்று சொன்னேன் அல்லவா? மதுரையில் பழைய சாமான் கடை. தலையணை நீளம்தான் இருந்தது, முப்பத்தேழு கட்டை, மேலே ஏகப்பட்ட திருகி. விளக்குகள் எரிந்த அழகைப் பார்த்து வாங்கிவிட்டேன். நீ ஒரு கட்டையை அமுக்கினாய். மறுபடி அமுக்கினாய். பிறகு முகத்தை மாற்றிக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டாய். அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்தாய்.

"என்னலே, நல்லா இல்லையா?"

"சத்தம் தங்கமா இருக்கு சித்தப்பா. ஆனா கட்டைக்குத் தொடு உணர்ச்சி இல்ல. மெதுவாத் தொட்டாலும் ஓங்கி அடிச்சாலும் ஒரே மாதிரிதான் வருது."

"ஒரே மாதிரி வந்தா நல்லதுதான? எல்லாருக்கும் கேக்குமே."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. எனக்கு அப்போது அது விளங்கவும் இல்லை. ஒரு பாட்டில் ஒரு சொல்லை ஓங்கியும் அடுத்த சொல்லைத் தணித்தும் சொன்னால்தான் அது பாட்டு, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் சொன்னால் ரயில் நிலைய அறிவிப்பு என்று நீ சொன்னாய். மைக் செட்டுக்காரனிடம் இதைச் சொன்னால் எப்படி?

ஆனாலும் என்னால் ஆனதைச் செய்தேன். ஸ்கூட்டர் சீட்டிலிருந்து ஸ்பாஞ்சை அறுத்து, ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு வைத்தேன். அமுங்குவது மெத்தென்று இருந்தால் சத்தமும் மெத்தென்று வரும் என்பது என் அறிவு. சத்தம் அப்படியேதான் வந்தது, நான்கு கட்டை மேலே எழும்பாமல் போனதுதான் மிச்சம். நீ என்னைத் திட்டவில்லை. முள்கரண்டியால் ஒவ்வொரு துண்டாகக் கிளறி எடுத்தாய். பிறகு இடது கையைத் திருகியிலேயே வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் வாசித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் சத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தாய். ஒற்றைக் கையோடு ஒருவன் சோறு பிசைவது போல இருந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போதுதான் என் கடைப் பரணில் கிடந்த பெரிய கீபோர்டு உன் கண்ணில் பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கச்சேரிக்காரர் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, சரியாகாது என்று தெரிந்ததும் எடுக்கவே வராமல் போனது. கரெண்டு கூடிப்போய்ச் சத்தம் தள்ளுகிற பகுதி எரிந்திருந்தது. விளக்கு எரியும், கட்டை அமுங்கும், வாய் மட்டும் கிடையாது. நீ அதன் முதுகைத் தடவி, ஐந்து துளை போட்ட ஒரு வட்டச் சாக்கெட்டைக் கண்டுபிடித்தாய். "மிடி இருக்கு சித்தப்பா, ஒண்ணோட ஒண்ணு பேசுத ஓட்டை! பெரிசுக்கு வாய் செத்திருச்சு, விரல் உணர்ச்சி சாகல. சின்னதுக்கு உணர்ச்சி இல்ல, வாய் இருக்கு. ரெண்டையும் வயர்ல சேத்துட்டா?" என்றாய்.

இந்த யோசனை என்னுடையது என்றுதான் ஊருக்குள் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னுடையது. வயர் மட்டும் என்னுடையது. ஒரு முனையில் ஐந்து பின், மறுமுனையில் காதில் மாட்டுகிற கருவிக்கு இருப்பது போலச் சின்ன ஜாக். பற்றவைத்துக் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. வயரில் சத்தம் ஓடுகிறதா என்று என் ஆம்பிளிஃபயரில் சொருகிப் பார்த்தேன், கொர்ரென்று இரைச்சல்தான். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அதுல சத்தம் போகாது சித்தப்பா. சேதிதான் போகும். எந்தக் கட்டை, எம்புட்டு வேகமா அமுக்கினாங்க, எப்ப விட்டாங்க. அம்புட்டுத்தான்."

"சத்தம் போகாத வயரு என்னலே வயரு?"

"தந்தி மாதிரின்னு வச்சுக்கிடுங்க. ஒண்ணுலேருந்து நூத்தி இருபத்தேழு வரைக்கும் ஒரு நம்பர் போகும். மெள்ளத் தொட்டா பத்து, பதினஞ்சு. ஓங்கி அடிச்சா நூத்தி இருபது. சின்னதோட கட்டையைத் தொட்டா எப்பவும் நூறுன்னுதான் சொல்லும், அதுக்கு வேற தெரியாது. ஆனா வெளிய இருந்து நம்பர் வந்தா அதுக்குப் புரியும்."

ஜாக்கில் இரண்டு கம்பி இடம் மாறிப் பற்றவைத்திருந்தேன். மாற்றி வைத்துக் கொடுத்தேன். இரண்டு பெட்டியையும் ஒரே சானலுக்குக் கொண்டுவந்தாய். சின்னதற்குள்ளே ஏதோ ஒன்றைப் பூஜ்யத்திலிருந்து மேலே ஏற்றினாய், நம்பருக்குத் தக்கபடி சத்தம் மாறுவதற்கு. பிறகு பெரிய கட்டையில் விரலை வைத்தாய். பக்கத்து எலக்ட்ரிகல் கடை ராஜு ஏதோ ஸ்விட்ச் கேட்டு வந்தவர், வாசலிலேயே நின்று, "பாகுந்தி", நல்லா இருக்கு என்று அவர் வீட்டுத் தெலுங்கில் முணுமுணுத்தார். கம்பெனி விட்டு வந்த உன் அம்மா, கையில் பஞ்சுத்தூசியோடு அப்படியே நின்றாள். "இப்ப வாசிச்சது நீயா? அதே பாட்டா? மெள்ள வாசிக்கிறப்பத்தாம்ப்பா நல்லா கேக்கு" என்றாள். நான் ஊருக்கே கேட்கும்படி கைதட்டினேன்.

அன்றைக்கே நீ எனக்கு ஓர் எச்சரிக்கையும் செய்தாய். பெரியதில் ஃபங்ஷன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, கடைசிக் கட்டையை ஒரு தடவை தொட்டால் தொடு உணர்ச்சி நின்றுவிடும். எப்படி வாசித்தாலும் மேல் நம்பர்தான் போகும். விளக்கு எதுவும் எரிந்து காட்டிக்கொடுக்காது. கரெண்டை நிறுத்திப் போட்டால் தானாகப் பழையபடி ஆகிவிடும். "அதை மட்டும் கை தவறிக்கூடத் தொட்டுராதீங்க சித்தப்பா" என்றாய். "எனக்கு எதுக்குலே அது" என்றேன்.

அந்தச் சேர்ந்த பெட்டியோடு நீ ஒரு வருஷம் கல்யாணக் கச்சேரிகளுக்குப் போனாய். அப்படித்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்து வரவேற்பு வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தவர் என்று சென்னையிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. பாட்டுப் பதிவுகளுக்குக் கீபோர்டு வாசிக்கிறவர்களை அவர்தான் பொறுக்கி எடுக்கிறார், உன்னைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று போனிலேயே சொல்லியிருந்தார். நீ உன் சொந்த மெட்டு ஒன்றை வைத்திருந்தாய். ஆரம்பம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தொடங்கி, போகப் போகத் திறக்கிற மெட்டு. உன் அப்பா மடியில் வைத்து முனகியது அதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். உனக்கு அப்போது வயது மூன்று, ஞாபகம் இருக்க நியாயமில்லை. அன்றைய மைக் செட்டும் என்னுடையதுதான்.

சாயங்காலம் நீ வாசித்துச் சரிபார்த்துவிட்டுச் சட்டை மாற்றப் போனாய். பெண்ணின் தாய்மாமன் வந்தார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசைக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. "என்னய்யா, ராஜபாளையத்து மைக் செட்டு ராஜபாளையத்து மைக் செட்டுன்னாக. சோறு போடுத பந்திக்கட்டுல ஒரு மண்ணும் கேக்கல. கொசு பாடுத மாதிரி இருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஆத்துல எறக்கிருவேன்னு சொன்னது இவருதானா?" என்று ஒருத்தன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். நான் சத்தத்தை ஏற்றிப் பார்த்தேன். ஏற்றினால் மெதுவான இடம் கேட்கும், பலமான இடத்தில் பெட்டி கத்தும். இறக்கினால் கொசு.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆறேழு வரிசை நாற்காலி, முதல் வரிசையில் சென்னைக்காரர். நீ தொடங்கினாய். முதல் சுரமே ஓங்கி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. நீ திகைத்துப்போய் என்னைப் பார்த்தாய், கீழே பார்த்தாய், மறுபடி வாசித்தாய். ஒன்று கூட இறங்கவில்லை, ஒன்று கூட ஏறவில்லை, ஆணி அடிக்கிற மாதிரி. நான் உன் வலது பக்கம் நின்று பார்த்தேன். பயத்தில் உன் விரல் கட்டையை அடித்தது, உரலில் உலக்கை விழுகிற மாதிரி விழுந்தது, கட்டை உடைந்துவிடுமோ என்றுகூட எனக்குப் பட்டது. இதை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? பந்திக்கட்டில் எல்லோருக்கும் கேட்டது. போலீஸ்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சென்னைக்காரர் எழுந்து வந்து உன் தோளைத் தட்டி, "விரல்ல கனம் பிரிக்கத் தெரியணும் தம்பி. இன்னும் கொஞ்ச நாள் வாசிங்க, பார்ப்போம்" என்றார். பார்ப்போம் என்று சொல்கிறவர்கள் பார்ப்பதில்லை.

நீ மேடையிலிருந்து இறங்குவதற்குள் நான் மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டேன். வேனில் சாமான் ஏற்றும்போது கேட்டாய்:

"சித்தப்பா, டச் நின்னுருந்துச்சா? யாராவது தொட்டாங்களா?"

"நான் அங்கனயேதான நின்னேன். ஒரு ஈ, காக்கா கிட்ட வரல."

"அப்ப நானா?"

"கை பயந்திருச்சுப்பா. பொறவு சரியாயிரும். எனக்கும் முதல் கொடைல அப்படித்தான்."

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தாய். மெதுவாகத் தொட்டால் மெதுவாக வந்தது. ஓங்கினால் ஓங்கி வந்தது. ஒரு குறையும் இல்லை. பெட்டியில் குறையில்லை என்றால் குறை யாரிடம் என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாய். நான்கு நாள் வாசித்தாய், ஒவ்வொரு கட்டைக்கும் பயந்து பயந்து. ஐந்தாம் நாள் மூடி வைத்தாய். அடுத்த மாதம் திருப்பூர். பனியனில் ஊசி தவறிய இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடிக்கிற வேலை என்று கேள்விப்பட்டேன். செத்துப்போன விரலை வைத்துக்கொண்டா அந்த வேலை பார்த்தாய் மூன்று வருஷம்?

அப்பன் என்கிற முறையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போகிற இடத்தில் பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதே, அதன் நகலை அம்மாவிடம் கொடு. வெயிலில் தலையைக் காயவிடாதே. அறையில் சேர்ந்து இருக்கிறவர்களிடம் முதல் வாரமே எல்லாக் கதையையும் சொல்லிவிடாதே, அது என் வழக்கம், உனக்கு வேண்டாம். யாராவது உன்னைப் பற்றி "நான் பார்த்தேன்" என்று சொன்னால், அவன் எங்கே நின்று பார்த்தான், அவனுக்கு அதில் என்ன என்று கேள். என்னை அப்படி ஒரு தடவை கேட்டிருந்தாய் என்றால் நான் உளறியிருப்பேன். நீ கேட்கவில்லை. சித்தப்பா சொன்னால் சரிதான் என்று விட்டுவிட்டாய். வ. புதுப்பட்டிக் கதையை நம்பாத பயல் இதை ஏன் நம்பினாய்?

எனக்கு வலது காது போய்விட்டது. அது உங்கள் யாருக்கும் தெரியாது. குழாய்க்கு அடியிலேயே இருபத்தேழு வருஷம் நின்றால் என்ன மிஞ்சும்? இடது காதிலும் சன்னமான சத்தம் ஏறுவதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் நீ வாசித்து உன் அம்மா பஞ்சுத்தூசியோடு நின்றாளே, அன்றைக்கே அந்த மெதுவான ஆரம்பம் எனக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் கைதட்டினேன். மண்டபத்தில் நீ சரிபார்த்தபோதும் கேட்கவில்லை. எனக்கே கேட்காததை எவனுக்குக் கேட்கும் என்ற திகில் ஒரு பக்கம், போலீஸ்காரரின் சிரிப்பு ஒரு பக்கம்.

இனி என்ன சொல்லி என்ன. இந்தக் கடிதத்தால் ஏதாவது ஆகும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஒரு வாய்ப்பு போனது போனதுதான், சென்னைக்காரர் உன் பெயரைக்கூட மறந்திருப்பார். மூன்று வருஷத்தையும் என்னால் திருப்பித் தர முடியாது. அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருக்கிறது. நான் ஆயுசு முழுக்க எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் சொல்லிவிட்டேன். களை எடுத்தவள் கும்பிட்டதும், சிங்கப்பூர் நண்பனும், உன் அப்பாவின் சாவும் என் வாயில் ஒரே மட்டத்தில்தான் வந்தன. இப்போது உண்மையை அழுத்திச் சொன்னால் அது அழுத்திச் சொன்னது என்று உனக்கு எப்படித் தெரியும்? "சித்தப்பா என்னைப் போகவிடாமப் பண்ணக் கதை கட்டுதாவ" என்பாய். உன் அம்மாவிடம் நேற்றுச் சொல்லிப் பார்த்தேன். அவள் முறத்தைக்கூடக் கீழே வைக்காமல், "பிள்ளை போற நேரத்துல ஆறுதல் சொல்லுதியளாக்கும்" என்றாள். அம்புட்டுத்தான் என் சொல்லுக்கு மரியாதை.

அதனால் என் வாயை நம்ப வேண்டாம். மாடியில் இரண்டு பெட்டிக்கும் வயர் போட்டு, கரெண்டு கொடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு முன்னால் செத்த நேரம் மேலே போ. ஃபங்ஷன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கட்டையை ஒரு தடவை தொடு. பிறகு உன் மெட்டை வாசி, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. மண்டபத்தில் கேட்ட அதே சத்தம்தான் கேட்கும், அதை நீ மறந்திருக்கமாட்டாய். அப்புறம் கரெண்டை நிறுத்திப் போட்டு மறுபடி வாசி. அதற்குப் பிறகும் பஸ் ஏறுவதென்றால் ஏறு, நான் தடுக்கமாட்டேன். தடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. மேலே போகாமலே போய்விடுவாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானாலும் சத்திரப்பட்டிக்காரரிடம் பெட்டி கிடையாது என்று சொல்லிவிடுவேன். நான் இருக்கிற வரைக்கும் இரண்டும் வயரோடு அங்கேயே கிடக்கும்.

பஜாரில், டீக்கடையில், வேன் ஸ்டாண்டில், எங்கெல்லாம் நின்று "பயலுக்குக் கை பயந்திருச்சு" என்று சொன்னேனோ அங்கெல்லாம் இது போய்ச் சேரட்டும் என்றுதான் எல்லோரும் படிக்க எழுதினேன். நீ சட்டை மாற்றப் போன நேரத்தில் அந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கட்டையைத் தொட்டவன் நான். பந்திக்கட்டு வரைக்கும் கேட்க வேண்டும் என்று தொட்டேன். மற்றதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொன்னது, அதையெல்லாம் நீ வைத்துக்கொண்டாலும் சரி, தள்ளினாலும் சரி. உன் விரல் உலக்கை மாதிரி விழுந்தது என்றேனே, அது மட்டும் ஒரு துளிகூட நடக்காதது. எனக்குக் காது போனாலும் கண் இருந்தது. உன் அம்மா கம்பெனியில் பேண்டேஜ் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழை விலகியிருக்கிறதா என்று விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் பார்ப்பாளே, கட்டையின் மேல் உன் விரல் அப்படித்தான் இருந்தது. சத்தம் குறையவில்லை என்று பார்த்து நீ இன்னும் மெதுவாகத் தொட்டாய், அதைவிடவும் மெதுவாகத் தொட்டாய், கடைசியில் கட்டை அமுங்குகிறதா என்றே தெரியாத அளவுக்குத் தொட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் விரல் அடித்ததை நான் பார்க்கவே இல்லை.